பழைய பிக்அப் டீசலை அதிகம் குடிக்கிறதா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிய வாகனத்தின் விலை பலருக்கு எட்டாததாகவே உள்ளது. தொண்ணூறுகளில் வந்த ஹைலக்ஸ், எல் 200 போன்ற பிக்அப்கள்தான் இன்னமும் பலரின் மரக்கறியையும் மீனையும் சந்தைக்குக் கொண்டுபோகின்றன. இவற்றில் டீசல் செலவு கூடினால் பலரும் முதலில் சந்தேகிப்பது பம்பைத்தான். ஆனால் பம்ப் வேலை செலவு கூடியது. காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடிப்பதே புத்திசாலித்தனம்.

அளந்து பாருங்கள்

தாங்கியை நிரப்பி, கிலோமீற்றரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழமைபோல ஓடி, அதே நிலையத்தில் மீண்டும் நிரப்புங்கள். 400 கிலோமீற்றருக்கு 40 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 10 கிலோமீற்றர். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

ரயர் அளவை மாற்றியிருந்தால் கணக்குப் பிழைக்கும். 235/75 ஆர் 15 ரயருக்குப் பதிலாக 31 அங்குல ரயர் பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். மீற்றர் 400 காட்டும்போது வாகனம் உண்மையில் 429 கிலோமீற்றர் அளவில் ஓடியிருக்கும்.

இழுவையைப் பாருங்கள்

ரயர் காற்றைக் காலையில், ஓடுவதற்கு முன் சோதியுங்கள். சிறிது தூரம் ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு சில்லுக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அதிக சூடு தெரிந்தால் பிரேக் பிடித்தபடி இருக்கலாம், அல்லது பெயரிங் பழுதாகியிருக்கலாம். நான்கு சில்லு இழுவையுள்ள வாகனமாயின், முன் ஹப்கள் பூட்டப்பட்டே கிடக்கின்றனவா என்றும் பாருங்கள்.

தேர்மோஸ்டற் இருக்கிறதா?

எஞ்சின் சூடாகிறது என்று தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிவது கராஜ்களில் பழைய வழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய வெப்பநிலைக்கு வரத் தாமதிக்கும். நெடுநேரம் குளிர்ந்தே ஓடும் எஞ்சின் டீசலை வீணாக்கும். நீண்ட நேரம் ஓடியும் வெப்பமானி முள் கீழேயே நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். சூடாவதற்கு மருந்து ரேடியேற்றரைச் சுத்தம் செய்வதே.

புகை சொல்வது

கறுப்புப் புகை: காற்று போதவில்லை அல்லது டீசல் கூடுகிறது. முதலில் எயார் பில்ரரைப் பாருங்கள். பின்னர் இன்ஜெக்டர். இழுவைக்காக யாராவது பம்பின் திருகாணியைத் திருப்பிக் கூட்டியிருக்கவும் கூடும்.

வெள்ளைப் புகை: சூடான பின்னரும் தொடர்ந்தால் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டர், டைமிங், கொம்பிரஷன் மூன்றையும் பார்க்க வேண்டும். தண்ணீரும் குறைந்தால் ஹெட் கஸ்கற்றைச் சோதியுங்கள்.

நீலப் புகை: எஞ்சின் ஒயில் எரிகிறது.

டீசல் மணத்தால் அல்லது குழாய்களின் ஈரத்தால் கசிவைக் கண்டுகொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களைக் கையால் தடவ வேண்டாம். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இவை எதிலும் காரணம் அகப்படாவிட்டால் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுங்கள். பம்ப் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரே நாளில் நான்கையும் மாற்றினால், எதற்குக் கொடுத்த காசு பலன் தந்தது என்று தெரியாமலே போய்விடும்.