ஊசியின் காதும் ஒட்டகமும்

செல்வன் இறையரசுக்குள் புகுவதினும் ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்னும் கருத்துப்பட இயேசு (ஈஸா நபி அலை) மொழிந்ததாக மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரின் சுவிசேஷங்களும் கூறுகின்றன. கிறித்தவ உரையாசிரியர்களை நெடுங்காலம் இடர்ப்படுத்திய கூற்று இது. கி.பி. 200ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளெமெந்து இதற்கெனத் தனி நூலே இயற்றினார். துறக்க வேண்டியது பொருளையன்று, பொருட்பற்றையே என்பது அவர் முடிபு. வணிகம் செழித்த அத்துறைமுக நகரில் செல்வர்க்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கும்.

அந்நகரின் ஆயராயிருந்து 444இல் மறைந்த சிரில், சொல்லுக்கே வேறு பொருள் கண்டார். இங்கே குறிக்கப்படுவது கப்பலின் தடித்த வடம் என்றார். கிரேக்கத்தில் 'காமெலோஸ்' ஒட்டகம், 'காமிலோஸ்' வடம். பிற்கால உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலித்தன. சில கையெழுத்துப் படிகளில் இரண்டாம் வடிவமே காணப்படுகிறது.

நம் தஃப்ஸீர் நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வழக்கு புதிதன்று. இறைவசனங்களைப் பொய்ப்பித்துச் செருக்குற்றோர், ஊசியின் காதில் ஒட்டகம் நுழையும்வரை சுவனம் புகார் என்கிறது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 40ஆம் வசனம். அங்குச் சுட்டப்படுவோர் செல்வர் அல்லர், செருக்கர் என்பதை நாம் மறத்தலாகாது. 'ஜமல்' எனப் பெரும்பாலோர் ஓத, இப்னு அப்பாஸ் (ரலி) 'ஜும்மல்', அதாவது கப்பல் வடம், என ஓதியதாகவும் அறிவிப்பு உண்டு. உயிர்க்குறியின்றி எழுதினால் இரண்டும் ஒரே மூன்றெழுத்துகள்! நூல் நுழையும் துளைக்குக் கயிறே இயைபான உவமை என்று அவர் கருதியதாக ஸமக்ஷரீ (இறப்பு 1144) குறிக்கிறார். ஆயினும் தபரீயும் (இறப்பு 923) ஸமக்ஷரீயும் ஒட்டகத்தையே ஏற்றனர். ஜமல் என்றால் என்னவென்று வினவியவர்க்கு, "பெண் ஒட்டகத்தின் கணவன்" என இப்னு மஸ்ஊத் (ரலி) விடையிறுத்ததாகத் தபரீ பதிவு செய்துள்ளார். அவ்விடையில் சற்றே எரிச்சல் தொனிப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

வடம் என்றாலும் ஒட்டகம் என்றாலும் நடவாதது நடவாததே. பாபிலோனியத் தல்மூதில் அதே ஊசியில் யானை நுழைகிறது. இடைக்கால ஐரோப்பாவில் பரவிய மூன்றாம் விளக்கமோ வேறு தன்மையது. ஜெருசலத்தில் 'ஊசியின் காது' என்னும் சிறு வாயில் இருந்ததாம். சுமை இறக்கி முழந்தாளிட்டால் ஒட்டகம் அதனுள் நுழையுமாம். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் தொகுத்த சுவிசேஷ உரைத் தொகுப்பில் இச்செய்தி இடம்பெறுகிறது. இயேசுவின் காலத்தில் அப்பெயருடைய வாயில் இருந்தமைக்கு அகழாய்விலோ பண்டை நூலிலோ சான்றில்லை. ஆயினும் தேவாலயப் பிரசங்கங்களில் இது இன்றும் உலவுகிறது. வருந்தி முயன்றால் செல்வனும் நுழைந்துவிடலாம் என்று கேட்போர் மனம் அமைதியுறுகிறது.

மூலமோ அவ்வமைதிக்கு இடந்தரவில்லை. அக்கூற்றைச் செவியுற்ற சீடர்கள் திகைத்து, அப்படியாயின் ஈடேறக்கூடியவர் யார் என்று வினவினர். முழந்தாளிட்டால் நுழையலாம் என்று அவர்களுக்கு விடை கிடைக்கவில்லை. மனிதரால் ஆகாது, இறைவனால் ஆகும் என்பதே அவர்கள் பெற்ற விடை.