மணல் மூட்டையும் ஒரு சுற்று ஸ்பிரிங்கும்

கார் வாங்குகிறவனுக்கு வேகமாகப் போக வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்பு. மெதுவாகப் போக வேண்டும், வண்டி தரையை உரசுகிற அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும், தெருவில் நிற்கிறவர்கள் அதை ஆற அமரப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களும் உண்டு. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் அவர்கள். அந்த வண்டிக்கும் அதை ஓட்டுபவனுக்கும் 'லோரைடர்' என்ற ஒரே பெயர்தான். ஸ்பானிய மொழியில் அவர்களுடைய தாரக மந்திரம் 'பஹீத்தோ இ சுவாவெசீத்தோ'. 'தாழ்வாக, மெதுவாக' என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்க்க 1943க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் விடுமுறைக்கு இறங்கிய கடற்படைச் சிப்பாய்கள், தொளதொளவென்ற கால்சட்டையும் நீண்ட கோட்டும் அணிந்த மெக்சிகோ இளைஞர்களைத் தெருத்தெருவாகத் தேடி அடித்தார்கள், உடையைக் கிழித்தார்கள். போர்க்காலத்தில் இவ்வளவு துணியை வீணாக்குகிறார்களே என்பது சொல்லப்பட்ட காரணம். அடிபட்டவர்களைத்தான் போலீஸ் பெருமளவில் பிடித்துக்கொண்டு போனது. 'பச்சூக்கோ' என்று அழைக்கப்பட்ட அந்த இளைஞர்களுக்கு அலங்காரம் என்பது வெறும் அலங்காரம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. போர் முடிந்து கையில் நாலு காசு புழங்கத் தொடங்கியதும், உடையில் காட்டியதைக் காரில் காட்டத் தொடங்கினார்கள்.

புதுக் கார் வாங்க வசதி கிடையாது. பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைத்தது செவ்ரலே. நாலு பேர் உட்கார்ந்து கோயிலுக்கும் கடைக்கும் போகிற சாதாரணக் குடும்பக் கார். வெள்ளைக்கார இளைஞர்கள் பழைய ஃபோர்டின் மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினைப் பெருக்கி, வேகம் கூட்டிக்கொண்டிருந்த காலம். இவர்கள் எதையும் கழற்றவில்லை. அப்பாவின் கார் அப்பாவின் காராகவே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டார் ஏறிப் போக வேண்டும். ஆனால் தாழ வேண்டும். அதுவும் செலவில்லாமல்.

செலவே இல்லாத வழி டிக்கியில் மணல் மூட்டையோ சிமெண்ட் மூட்டையோ ஏற்றுவது. பின்பக்கம் தானாக அமுங்கும். சனிக்கிழமை மாலை ஏற்றி, திங்கட்கிழமை இறக்கிவிடலாம். காருக்கு ஒரு காயமும் இல்லை. குறை என்னவென்றால், பின்புறம் தாழ்ந்தால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க இடம் அதிகம் வேண்டும்.

அடுத்தது பின் அச்சு. அந்தக் கால செவ்ரலேயில் பின்பக்கம் தகடு தகடாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். அச்சு அதன்மேல் உட்கார்ந்திருக்கும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரண்டு மூன்று அங்குல உயரத்தில் ஒரு கட்டையைச் செருகி, நீளமான யூ போல்ட் போட்டு முறுக்கினால், அதே அளவு வண்டி கீழே இறங்கிவிடும். ஸ்பிரிங்கில் கை வைக்காத வேலை என்பதால் இதுதான் கௌரவமான முறை என்று எனக்குப் படுகிறது. நாளைக்கு வேண்டாம் என்றால் கட்டையை எடுத்துவிடலாம்.

முன்பக்கம் சுருள் ஸ்பிரிங். அங்கே இரண்டு வழிகள். ஒன்று, கேஸ் டார்ச்சால் ஸ்பிரிங்கைக் காய்ச்சுவது. வண்டியின் பாரம் மேலே இருக்கும்போதே சூடு காட்டினால் இரும்பு இளகி உட்காரும். காசு மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் ஸ்பிரிங்குக்கு உயிர் கொடுப்பதே அதற்கு ஏற்றிய பதம். காய்ச்சினால் பதம் போய்விடும். இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு உட்காரும். பிறகு எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது வழி, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து ஒரு சுற்றை அறுத்துவிட்டு மாட்டுவது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சுருள் குறைந்தால் ஸ்பிரிங் குட்டையாவது மட்டுமல்ல, கடினமும் ஆகும். வேலை செய்கிற எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால், கடினம் ஏழில் ஒரு பங்கு கூடும். வண்டி தாழ்ந்து போனதால் சக்கரம் மேலே ஏற இடம் குறைவு. கடினம் கூடியது அங்கே ஓரளவு கைகொடுக்கும். ஆனாலும் பள்ளத்தில் இறங்கினால் ரப்பர் கட்டையில் போய் முட்டும். சக்கரத்தின் மேற்பகுதி உள்பக்கம் சாய்வதால் டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும். மெதுவாகப் போவது ஒரு பாணி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிக்குப் பாதி அது கட்டாயமும்தான். இப்படி வெட்டிய வண்டியை வேறு எப்படி ஓட்ட முடியும்?

பிரெஞ்சில் ஷாக் அப்சார்பருக்கு 'அமோர்த்திஸர்' என்று பெயர். 'சாகடிப்பது' என்ற வேரிலிருந்து வந்த சொல். அதிர்ச்சியைச் சாகடிக்கிற கருவி. ஸ்பிரிங்கை அறுத்தவர்களின் வண்டியில் அதிர்ச்சிதான் அமோர்த்திஸரைச் சாகடித்திருக்கும்.

பிரெஞ்சுப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1955 அக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் சித்ரோவன் கம்பெனி 'தே எஸ்' காரைக் காட்டியது. முதல் நாளிலேயே ஏறத்தாழ 12,000 பேர் முன்பதிவு செய்தார்கள். அதில் ஸ்பிரிங்கே கிடையாது. உருண்டைகளுக்குள் அடைத்த நைட்ரஜன் வாயுவும் அழுத்தப்பட்ட எண்ணெயும்தான் வண்டியைத் தாங்கின. உள்ளே ஒரு நெம்புகோலை அசைத்தால் கார் எழும்பும், தாழும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனால், சில மணி நேரத்தில் மாடு படுப்பது போலத் தரையோடு படுத்துவிடும். இதை உருவாக்கிய போல் மாஜெஸ் பொறியியல் பட்டம் பெற்றவர் இல்லை. கம்பெனிக்குள் கடைநிலையிலிருந்து வளர்ந்தவர். 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி கிளமாரில் ஜெனரல் தெ கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர் வெடித்த நிலையிலும் அவரைத் தப்ப வைத்தது இந்தக் கார்தான். புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் அதை வகுப்பில் சொன்னபோது, ஏதோ தானே உடன் இருந்தது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

மறுபடி கலிஃபோர்னியாவுக்கு. 1958 ஜனவரி 1 முதல் அங்கே ஒரு சட்டப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. வாகனச் சட்டத்தின் 24008வது பிரிவு. மூல வடிவமைப்பிலிருந்து மாற்றப்பட்ட காரின் எந்தப் பாகமும், சக்கரம் தவிர, ரிம்மின் அடி விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். வாழ்நாள் முழுதும் அரசாணைகளைப் படித்துக் குறிப்பெழுதியவன் என்ற முறையில் இதை எழுதியவரின் கெட்டிக்காரத்தனத்தை நான் மெச்சுகிறேன். அங்குலம் சொல்லவில்லை, அளவுகோல் தேவையில்லை. போலீஸ்காரர் குனிந்து பார்த்தால் போதும். ஆனால் 'மாற்றப்பட்ட' என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். தொழிற்சாலையிலேயே தாழும்படி செய்து, அமெரிக்காவிலும் விற்ற சித்ரோவனை அந்தச் சொல் தொடவே தொடாது. வீட்டு முற்றத்தில் ஸ்பிரிங் அறுத்தவனைத்தான் தொடும்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. ரான் அகிர்ரே என்ற இளைஞர், அபராதச் சீட்டு வாங்கிச் சலித்து, 1959 வாக்கில் தன் கார்வெட் காரில் விமான உபரிக் கடையில் வாங்கிய ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். அப்பாவும் கூட நின்று வேலை செய்தார். விமானத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர்ப்பக்கம் அது. கழித்துப்போட்ட பம்பும் வால்வும் கிடைப்பதில் சிரமமில்லை. தெருவில் தாழ்வு, போலீஸ் தெரிந்தால் சுவிட்சைத் தட்டினால் சட்டப்படியான உயரம். 1958 மாடல் முதல் செவ்ரலேயில் நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டதால், ஹைட்ராலிக் உருளையைப் பொருத்தவும் வசதியாயிற்று. இம்பாலா என்ற பெயர் லோரைடர்களிடம் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். விமான பம்பு கிடைக்காதபோது, லாரியின் பின்கதவைத் தூக்குகிற பம்பைக் கழற்றி வந்தார்கள். டிக்கியில் மணல் மூட்டை இருந்த இடத்தில் இப்போது வரிசையாக பேட்டரிகள்.

பல நகரங்கள் பின்னர் தெருவில் மெதுவாகச் சுற்றுவதையே தடை செய்தன. அதை நீட்டவில்லை. 2023 அக்டோபரில் கலிஃபோர்னியா கவர்னர் கையெழுத்திட்ட சட்டம், 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தடைகளையும் 24008வது பிரிவையும் சேர்த்தே நீக்கியது. 66 ஆண்டுகள்! அரசாங்கத்தில் ஒரு விதி உள்ளே வர ஒரு கையெழுத்து போதும்; வெளியே போக எத்தனை பேர் ஓய்வு பெற வேண்டியிருக்கிறது.

வாஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 1969ஆம் ஆண்டு ஃபோர்டு எல்டிடி ஒன்று இருக்கிறது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் சிமாயோ ஊரைச் சேர்ந்த டேவிட் ஹராமியோ அதை லோரைடராக மாற்றத் தொடங்கினார். 1978இல் ஒரு விபத்தில் அவர் இறந்துபோனார். வேலை பாதியில் நின்றது. பிறகு மனைவியும் உறவினர்களும் சேர்ந்து அதை முடித்தார்கள். 'டேவ்ஸ் டிரீம்' என்று அதற்குப் பெயர்.