திறப்பை யாரிடம் கொடுத்தோம்?

கடந்த மாதம் இலண்டனிலிருந்து பேசாலை நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறாராம். மூன்று வாரங்கள் வீடு பூட்டிக் கிடக்கும். தெற்காசியக் குடும்பங்களின் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பதை அங்குள்ள கள்வர்கள் நன்கறிவார்கள்; தீபாவளிக் காலங்களில் பிரித்தானியப் பொலிஸார் இதுபற்றி எச்சரிப்பது வழமை. ஆகவே வாசலில் கமெரா பொருத்தியாயிற்று, விளக்குகள் தாமாக எரிந்து அணையவும் ஏற்பாடு செய்தாயிற்று என்றார்.

"பக்கத்து வீட்டாரிடம் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"அவர்கள் யாரென்றே தெரியாதே" என்றார்.

பேசாலையில் பிறந்த ஒருவர் இப்படிச் சொன்னது என்னைச் சற்று யோசிக்க வைத்தது. ஏனெனில் வீட்டை விட்டுப் புறப்படுவது பற்றி மன்னார்த் தீவுக்குத் தெரிந்த அளவு வேறெந்த ஊருக்கும் தெரியுமா என்பது ஐயமே.

பேசாலை, மன்னார் நகருக்கும் தலைமன்னாருக்கும் இடையே தீவின் வடகரையில் அமைந்த கத்தோலிக்க மீனவக் கிராமம். 1914 இல் தலைமன்னார் ரயில் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற் சேவையும் தொடங்கியபோது, கொழும்புக்கும் சென்னைக்கும் போவோர் வருவோரெல்லாம் இவ்வூரைக் கடந்தே சென்றனர். ஆனால் ஊரவர்களுக்குப் பயணம் என்றால் முதலில் மடு. ஜூலை 2, ஓகஸ்ட் 15 ஆகிய திருவிழாக்களுக்குப் பானை சட்டியுடன் புறப்பட்டு, மருதமடுக் காட்டில் கூடாரமடித்துத் தங்கி, சமைத்துண்டு திரும்புவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். இன்றைய மொழியில் சொன்னால் அதுதான் அவர்களின் விடுமுறை.

கிடுகு வேலிக்கும் படலைக்கும் பூட்டு எதற்கு? முற்றம் கூட்டவும் கோழிக்குத் தீனி போடவும் மாலையில் விளக்கேற்றவும் ஒருவர் இருந்தால் போதும். திருவிழாவுக்குப் போக முடியாத கிழவியோ, பிள்ளை பெற்ற வீட்டுக்காரியோ ஒழுங்கையில் எஞ்சியிருப்பாள். அவளிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருவர் எஞ்சியிருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு வேலை செய்யும் என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மடுவின் கதையே வீட்டை விட்டு ஓடிய கதைதான். 1658 இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து மன்னாரைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டது. 1670 இல் மாந்தையிலிருந்த இருபது குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்கள் விட்டுச் சென்ற வீடுகள் என்னவாயின என்று எந்த வரலாற்றுப் புத்தகமும் பேசுவதில்லை. 2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கியபோது அதே சொரூபம் மீண்டும் தூக்கப்பட்டு, தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஓகஸ்டில் திரும்பி வந்தது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. மன்னார்க் கரையிலிருந்து படகேறியவர்கள் மணல் திட்டுகளிலும் அரிச்சல்முனையிலும் இறங்கினர். மண்டபம் முகாம் நிறைந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கக் கட்டப்பட்ட முகாம் அது என்பது வரலாற்றின் குறும்பு. படகேறாதவர்களுக்காக ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயம் 1990 இன் பிற்பகுதியில் இரண்டு திறந்த நிவாரண நிலையங்களை நடத்தத் தொடங்கிற்று. ஒன்று மடுவில், மற்றொன்று பேசாலையில். "திறந்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆபத்தென்றால் உள்ளே வரலாம், அடங்கினால் ஊருக்குப் போகலாம். வீட்டையும் காணியையும் போய்ப் பார்த்து வரலாம் என்ற அந்த ஒரு வசதி, பலரைக் கடல் கடக்காமல் தடுத்தது என்றே நான் கருதுகிறேன்.

அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில், அந்த வசதியும் இல்லாமல் ஒரு கூட்டம் புறப்பட்டது. மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். எருக்கலம்பிட்டி சுற்றி வளைக்கப்பட்டு, வீடுகளிலிருந்த நகையும் பணமும் பொருளும் எடுக்கப்பட்டன. எடுக்க ஆயுதம் இருந்தது. தடுக்க எந்தப் பூட்டும் இருக்கவில்லை. எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களின் மக்கள் கையிற் கொள்ளக்கூடியதோடு படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். வடமாகாணம் முழுவதிலுமாக வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம் பேர். இதைத் தமிழ்ப் பத்திரிகைகள் அன்று எழுதவேண்டிய அளவு எழுதவில்லை. அந்தத் தொழிலில் அன்று நானும் இருந்தேன்.

பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஆளில்லாத ஊரில் முதலில் போவது நகை; அடுத்தது தளபாடம்; அதன்பின் ஓடு, கதவு, நிலை, யன்னற் கம்பி என்று ஒவ்வொன்றாகக் கழலும். நகையை ஆயுதம் தாங்கியவர்கள் எடுத்திருக்கலாம். நிலையைக் கழற்றிச் சென்றவர்கள் எல்லோரும் ஆயுதம் தாங்கியவர்களல்லர். அயலவரே காவல் என்று மேலே எழுதினேன். வடக்கு கிழக்கில், இனமத வேறுபாடின்றி, கைவிடப்பட்ட வீடுகளை உரித்த கைகளுள் அயலவர் கைகளும் இருந்தன என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். முஸ்லிம் அயலவரின் காணி உறுதியைத் தன் பெட்டகத்தில் வைத்து, ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுத்த ஒரு மீனவ முதியவரையும் நான் சந்தித்திருக்கிறேன். இரண்டும் ஒரே தீவில்தான் நடந்தன. கூரையிழந்த வீடுகளுக்குள் உடைமரம் முளைத்தது. மன்னார்க் கழுதைகள் உச்சி வெயிலுக்கு அவற்றின் சுவரோரம் ஒதுங்கி நின்றன.

பேசாலையின் முறை 2006 இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் 17 காலை, ஊருக்கு நேரே கடலில் கடற்படைக்கும் கடற்புலிகளுக்கும் மோதல் நடந்தது. வீடுகளை விட்டு ஆயிரக்கணக்கானோர் வெற்றி அன்னை ஆலயத்துக்குள் கூடினர். ஆலயத்தை நோக்கிச் சுடப்பட்டது. உள்ளே கைக்குண்டு எறியப்பட்டது. முதிய பெண்ணொருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். கரையில் மீனவர்கள் கொல்லப்பட்டனர். மக்கள் கடற்படையைக் குற்றஞ்சாட்டினர், கடற்படை மறுத்தது. அதன்பின் மீண்டும் படகுகள் இந்தியக் கரை நோக்கிச் சென்றன. என் நண்பர் பேசாலையை விட்டதும் அப்போதுதான்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. ரயில் 2015 மார்ச்சில் மீண்டும் தலைமன்னாருக்கு வந்தது. திரும்பியவர்களை எதிர்கொண்டது வேறொரு கள்வன்: காலம். இலங்கையின் 1871 ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றிப் பத்து ஆண்டுகள் வைத்திருப்பவர் நீதிமன்றில் அதற்கு உரித்துக் கோரலாம். இருபது ஆண்டுகள் ஊருக்கே வரமுடியாதவர் என்ன செய்வார்? இதற்காகவே 2016 இல் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, தீவிரவாத ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றை நாட முடியாதவர்களுக்கு அச்சட்டம் நிவாரணம் தந்தது. வழக்குத் தொடர இரண்டாண்டு எல்லை வைத்தார்கள். முகாம்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தோருள் எத்தனை பேர் இதை அறிந்திருப்பர்? 2006 இல் பேசாலையை விட்டு ஓடியவர்கள் அந்த வாசகத்துக்குள் அடங்குவார்களா என்பது எனக்குள்ள இன்னொரு கேள்வி.

ஒன்று மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவரின் ஆட்சி, எதிர் ஆட்சியாகாது. எத்தனை ஆண்டு இருந்தாலும், அனுமதியில் மட்டுமே இருக்கும் வரை, அவருக்கு அதனால் உரித்து வராது. ஆனால் அந்த அனுமதியை நிரூபிக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சியானவர்கள் இறந்துபோவார்கள். "இன்னாரின் வீட்டில் அவருடைய அனுமதியுடன் இருக்கிறேன்" என்று கையெழுத்திட்ட ஒரு தாள், கமெராவை விடப் பெரிய காவல்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவருடைய பேசாலை வீட்டில் 2010 முதல் அவருடைய மாமி குடியிருக்கிறார். ஓடு மாற்றியது, கிணறு இறைத்தது, வேலி அடைத்தது எல்லாம் அவர்தான். அவர் இல்லையென்றால் அந்த வீடு இன்று சுவராகவும் நின்றிராது.

"கடிதம் ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?"

சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் சொன்னார்: "அதெப்படி மாமியிடம் கேட்பது? கேட்டால் அன்றைக்கே திறப்பைத் தந்துவிட்டு வெளிக்கிட்டுவிடுவா."