மாதுங்காவில் எண்ணிய எதிர்ப்பொருள்கள்

2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மும்பையின் மாதுங்கா, செம்பூர், தஹிசர் வட்டாரங்களில் மக்களின் குருதி சோதிக்கப்பட்டது. முன்னிரண்டும் நம்மவர் பல தலைமுறையாகக் குடியிருக்கும் இடங்கள். அருகிலுள்ள தாராவி ஏனோ அக்கணக்கில் சேரவில்லை. குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பேரிடத்தும், பிற குடியிருப்புகளில் 16 பேரிடத்தும் கொரோனா வைரஸுக்கான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. நெருங்கிய கூரைகளின்கீழ் நோய் எத்துணை ஓசையின்றிப் பரவியிருந்தது என்பதை அவ்வெண்களே காட்டின.

ஆயின், எதிர்ப்பொருள் உண்டு என்பதனாலேயே காவல் உண்டு என்று நாம் கொள்ளலாமா? அங்கே தேடப்பட்டது, வைரஸின் உள்ளே மரபிழையைப் பொதிந்திருக்கும் புரதத்தை எதிர்க்கும் பொருள். நோய் வந்துபோன சுவடு அது. வைரஸை முடக்கும் படைக்கலம் அன்று. வைரஸின் மேற்புறத்து முள், நம் உயிரணுவைப் பற்றும் முனை ஒன்றை உடையது. இரு கைகள் கொண்ட எதிர்ப்பொருள் அம்முனையில் முந்திக்கொண்டு படிந்துவிட்டால், முள்ளுக்குப் பிடி கிட்டாது. அம்முள்ளின் வடிவை அமெரிக்க அறிஞர் 2020 பிப்ரவரியிலேயே, உறையவைத்து நோக்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டு வெளியிட்டனர்.

இத்தகைய புரத வடிவங்கள் பொருந்துவனவா என்று சரிபார்க்க உலகெங்கும் கையாளப்படும் வரைபடம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் துணைவரும் வகுத்து 1963இல் வெளியிட்டதாகும். அவர் கண்ட கொலாஜன் முப்புரியில் அணுக்கள் அளவுமீறி நெருங்கியுள்ளன என்று பிறர் குறைகூறியதே அவரை அவ்வாராய்ச்சியில் செலுத்தியது.