இரு கண்ணும் ஒன்றாய்ப் பார்க்க இருநூறு ஆண்டுகள்

முன்னுரை

கண்ணில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து பார்வையும் வந்துவிட்டால், அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்றே பலரும் நினைப்பார்கள். ஆனால் மனிதனுக்கு இருப்பது இரண்டு கண்கள். இரண்டும் தனித்தனியே படம் அனுப்புகின்றன. மூளைதான் அவற்றை ஒரே படமாகச் சேர்க்கிறது. ஒரு கண்ணின் படம் பெரிதாகவும் மற்றதன் படம் சிறிதாகவும் இருந்தால் அவை சேராது. பொருள் இரண்டாகத் தெரியும், தலை சுற்றும். ஒரு கண்ணுக்குப் பார்வை கொடுப்பதை விட, அந்தக் கண்ணை மற்றக் கண்ணோடு ஒத்துப்போக வைப்பதுதான் மருத்துவர்களுக்குக் கடினமான வேலையாக இருந்திருக்கிறது.

புரையோடு போன லென்ஸ்

பழங்காலத்தில் மங்கிய லென்ஸை ஊசியால் கண்ணுக்குள்ளேயே ஒரு பக்கம் தள்ளிவிடுவார்கள். சுசுருத சம்ஹிதையில் இந்த முறை சொல்லப்பட்டுள்ளது. 1747இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ழாக் டாவியேல் புரையைக் கண்ணிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினார். இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கண்புரை என்பது கண்ணின் லென்ஸே மங்கிப்போவது ஆகும். எனவே புரையை எடுத்தால் லென்ஸும் போய்விடும். அதற்கு ஈடாக 10 முதல் 12 டயாப்டர் வரை சக்தியுள்ள தடித்த கண்ணாடி போட வேண்டும். நம் ஊரில் 'சோடாபுட்டி' என்று கேலி செய்யப்பட்டது இந்தக் கண்ணாடிதான்.

இந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் 25 முதல் 30 சதவீதம் வரை பெரிதாக்கிக் காட்டும். இரண்டு கண்ணிலும் அறுவை செய்தவர் எப்படியோ பழகிக்கொள்வார். ஒரு கண்ணில் மட்டும் செய்தவர் பாடுதான் திண்டாட்டம். இரண்டு கண்ணும் தனித்தனியே நன்றாகத் தெரியும், ஆனால் இரண்டையும் சேர்த்துத் திறந்தால் நடக்க முடியாது. அதனால் ஒரு கண் நன்றாக இருப்பவருக்கு மற்றக் கண்ணில் புரை எடுக்க மருத்துவர்கள் தயங்கினார்கள்.

இந்தக் குறைக்கு 1932இல்தான் பெயர் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் வால்டர் லங்காஸ்டர் 'அனிசைகோனியா' என்று பெயரிட்டார். 'சமமில்லாத படம்' என்பது அதன் பொருள். இரு படங்களின் அளவு வேறுபாடு சுமார் 5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு அவை ஒன்று சேர்வதில்லை. 30 எங்கே, 5 எங்கே! பின்னாளில் வந்த கான்டாக்ட் லென்ஸ் இந்த வேறுபாட்டை 10 சதவீதத்துக்குள் கொண்டுவந்தது. அதுவும் எல்லோருக்கும் போதவில்லை.

ரிட்லியின் துணிச்சல்

இரண்டாம் உலகப் போரில் குண்டடிபட்ட பிரிட்டிஷ் போர் விமானிகள் சிலரின் கண்ணில் விமான மேற்கூரையின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துண்டுகள் தங்கிவிட்டன. ஆனால் கண் அவற்றை வெறுக்கவில்லை, வீங்கவும் இல்லை. இதைக் கவனித்தவர் லண்டன் மருத்துவர் ஹரால்டு ரிட்லி. எடுத்த லென்ஸுக்குப் பதில் அதே பிளாஸ்டிக்கில் ஒரு லென்ஸை உள்ளேயே வைத்தால் என்ன என்று நினைத்தார். 1949 நவம்பரில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணிக்கு அந்த முயற்சியைத் தொடங்கினார். டாவியேலுக்குப் பின் சரியாக 202 ஆண்டுகள்!

லென்ஸ் கண்ணுக்குள்ளேயே இருப்பதால் படம் ஏறக்குறைய இயற்கை அளவிலேயே விழும். ஆனால் ரிட்லி லென்ஸின் வடிவத்தை இயற்கை லென்ஸைப் பார்த்தே அமைத்திருந்தார். பெர்ஸ்பெக்ஸ் ஒளியை அதைவிட அதிகமாக வளைக்கும். விளைவு, அந்தப் பெண்மணிக்குச் சுமார் 18 டயாப்டர் கிட்டப்பார்வை வந்தது. லென்ஸ் வைத்தால் மட்டும் போதாது, எவ்வளவு சக்தியுள்ள லென்ஸ் என்று அளந்து வைக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. கண்ணின் நீளத்தை ஒலி அலைகளால் அளந்து கணக்கிடும் சூத்திரங்கள் 1960களின் இறுதியிலிருந்து வந்தன. 1980இல் வந்த எஸ்.ஆர்.கே. சூத்திரம் பெரிதும் பரவியது.

விழித்திரை கொண்டுவந்த சிக்கல்

இங்கேதான் விழித்திரை குறுக்கே வருகிறது. கழன்ற விழித்திரையை ஒட்ட வைக்க, கண்ணின் வெளிச்சுவரில் பட்டை வைத்து அழுத்தும் முறை 1949க்குப் பின் வளர்ந்தது. கண்ணைச் சுற்றிப் பட்டை கட்டினால் கண் சற்று நீளும். நீண்டால் கிட்டப்பார்வை கூடும். ஆக, மற்றக் கண்ணோடு பொருந்தாது. 1970இல் ராபர்ட் மாக்கெமர் கண்ணின் உள்ளே இருக்கும் கூழ்ம நீரை எடுக்கும் விட்ரெக்டமி சிகிச்சையைக் கொண்டுவந்தார். பல கண்களை அது காப்பாற்றியது. ஆனால் அந்தச் சிகிச்சை செய்த வயதானவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் புரை வருகிறது. எனவே ஒரே கண்ணில் இரண்டு அறுவை!

அளப்பதும் எளிதல்ல. விழித்திரையைத் தாங்க உள்ளே சிலிக்கான் எண்ணெய் நிரப்பியிருந்தால் ஒலி அதில் மெதுவாகச் செல்லும். கூழ்ம நீரில் வினாடிக்கு 1532 மீட்டர். எண்ணெயில் சுமார் 980 மீட்டர். இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் கண் இருப்பதை விட நீளமாகத் தெரியும், லென்ஸின் சக்தி தவறாகும். 1999இல் வந்த ஒளியால் அளக்கும் கருவி இந்தப் பிழையைப் பெரிதும் குறைத்தது.

மதுரையின் பங்கு

உள்விழி லென்ஸ் வந்தும் பல காலம் ஏழைகளுக்கு எட்டவில்லை. கிராமத்து முகாம்களில் சோடாபுட்டிக் கண்ணாடியே கொடுக்கப்பட்டது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992இல் ஆரோலேப் அமைக்கப்பட்டது. வெளிநாட்டில் 100 டாலர் விற்ற லென்ஸை அது சுமார் 10 டாலருக்குத் தயாரித்தது. விலை குறைந்ததால்தான் ஒரு கண்ணில் மட்டும் புரை உள்ள ஏழைக்கும் இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் வாய்ப்பு வந்தது.

முடிவுரை

இன்றும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஒட்டிய விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இழுபட்டு விலகியிருந்தால் படம் சிறிதாகவும், நெருங்கியிருந்தால் பெரிதாகவும் தெரியும். இதை எந்த லென்ஸாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அத்தகையவர் பரிசோதனைப் பலகையின் கடைசி வரி வரை படிப்பார்; ஆனால் மாடிப்படி இறங்கும்போது தடுமாறுவார். "நன்றாகத் தெரிகிறதே, இன்னும் என்ன?" என்று அவரிடம் கேட்பது சரியல்ல. ஒவ்வொரு கண்ணும் எவ்வளவு பார்க்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்து பார்க்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். இந்த இருநூறு ஆண்டு வரலாறு சொல்வது இதுதான்.