எஞ்சினுக்குள் ஒரு சுத்தியல்

பழைய வண்டியை மேட்டில் ஏற்றும்போது எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கேட்டிருப்பீர்கள். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துப் பார்த்து, டேப்பெட் இல்லை, பேரிங்கும் இல்லை, ‘நாக்கிங் சார்’ என்று முடித்துவிடுவார். கார்பன் படிந்த கிழட்டு எஞ்சினுக்கு இது சகஜம்.

ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் இது கொலைக் கேஸ் ரேஞ்சுக்கு மர்மம்.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்றொரு கில்லாடி. கார்களுக்கு பேட்டரி இக்னிஷன் செய்து கொடுத்தவர். 1912-ல் காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டரும் இவர் உபயம்தான். அந்தக் கார்கள் தட்டத் தொடங்கியதும் பழி யார்மேல் விழும்? இக்னிஷன்மேல்தான். தீப்பொறி சீக்கிரமே விழுந்துவிடுகிறது என்றார்கள்.

கெட்டரிங்குக்கு ரோஷம். 1916-ல் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லியிடம் விஷயத்தை ஒப்படைத்தார். மிட்ஜ்லி படித்தது மெக்கானிக்கல். செய்யவேண்டியிருந்ததோ கெமிஸ்ட்ரி. (பி.காம். படித்துவிட்டுச் சரித்திரம் எழுதுகிறவன் இதைக் கேலி செய்வதற்கில்லை.) சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை ஃபிலிமில் பிடித்தார். இக்னிஷன் நிரபராதி! தீப்பொறி விழுந்து, எரிய ஆரம்பித்த பிறகுதான் அழுத்தம் சடாரென்று எகிறுகிறது. தீ வந்து தொடுவதற்குள் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி தானாகவே மொத்தமாக வெடித்துவிடுகிறது. ஆக, குற்றவாளி எரிபொருள்.

அதற்கு மருந்து தேடியதுதான் தமாஷ். பனிக்காலம் முடியுமுன்பே பூக்கும் ஒரு செடிக்கு இலையின் அடிப்பக்கம் சிவப்பு. சிவப்பு வெப்பத்தை இழுக்கிறதோ? எரிபொருளிலும் சிவப்பைக் கலந்தால்? கையில் கிடைத்தது அயோடின். ஊற்றினார்கள். சத்தம் நின்றது! உடனே சிவப்புச் சாயங்களாக வாங்கிக் கலந்து பார்த்தார்கள். ம்ஹூம். நிறத்துக்கும் நாக்கிங்குக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. அயோடினோ விலை ஜாஸ்தி, எஞ்சினையும் அரிக்கும்.

இப்படியே ஐந்து வருஷம். எதெதையோ கலந்தார்கள். டெல்லூரியம் கலந்தபோது அடித்த பூண்டு நாற்றம் உடம்பை விட்டே போகவில்லை. 1921 டிசம்பர் 9-ம் தேதி சிக்கியது, டெட்ரா எத்தில் லெட். ஒரு கேலனுக்கு ஒரு டீஸ்பூன்கூட வேண்டாம். எஞ்சின் பூனை மாதிரி ஓடியது.

ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பது இவர்களுக்கே தெரியும். ஆனால் ஆல்கஹாலை எந்தக் குடியானவனும் காய்ச்சலாம். பேடண்ட் போட்டுக் காசு பார்க்க முடியாது. என் கணக்கில் ஈயம் ஜெயித்த காரணம் இதுதான்.

1923 பிப்ரவரியில் டேட்டனிலேயே விற்பனை ஆரம்பம். பெயர் ‘எத்தில்’. லெட் என்கிற வார்த்தையை நைசாகக் கழற்றிவிட்டார்கள்.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். சும்மா இல்லை, புத்தி பேதலித்து. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில். நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மிட்ஜ்லி என்ன செய்தார் தெரியுமா? அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். முந்தைய வருஷம்தான் ஈய விஷம் ஏறி, உடம்பு தேற மியாமிக்குப் போயிருந்த மனுஷன்!

1925-ல் விற்பனையை நிறுத்தினார்கள். மறு வருஷமே, தடை செய்யக் காரணமில்லை என்றது அரசாங்கக் குழு. அப்புறமென்ன, ஊர் ஊராக ஈயப் புகை. இந்தியாவில் 2000 பிப்ரவரியில்தான் அது நின்றது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா. 2021 ஜூலையில்.