தன்னுடைமையும் நிலவுடைமையும்

ஒவ்வொரு மனிதனும் தனக்குத் தானே உடையவன். அவனுடைய உடலும் உழைப்பும் அவனுக்கே உரியவை. அரசியல் தத்துவத்தில் இதனைத் தன்னுடைமைக் கோட்பாடு என்பர். கேட்ட மாத்திரத்தில் எவரும் ஒப்புக்கொள்ளும் இவ்வெளிய கருத்து, எளியவரின் வாளாகத் தோன்றிச் செல்வரின் கேடயமாக மாறிய வரலாற்றை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1646-ஆம் ஆண்டில், லண்டன் நியூகேட் சிறையில் ரிச்சர்டு ஓவர்ட்டன் என்பவர் அடைபட்டிருந்தார். பிரபுக்கள் சபையை எதிர்த்ததே அவர் செய்த குற்றம். அங்கிருந்தபடியே அவர் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். இயற்கை ஒவ்வொருவருக்கும் தன்மீது உடைமையை அளித்திருக்கிறது. அதனைப் பறிக்க வேறெவருக்கும் உரிமையில்லை என்று வாதித்தார். நிலமும் பட்டமும் இல்லாதவனுக்கும் பறிக்கவொண்ணாத சொத்து ஒன்று உண்டு என்பதே அதன் பொருள்.

1689-இல் ஜான் லாக் எழுதிய ஆட்சியியல் நூல் வெளிவந்தது. என் உழைப்பு எனதாகையால், பொதுவாகக் கிடந்த நிலத்தில் அதனைக் கலந்தால் நிலமும் எனதாகும் என்றார் அவர். பிறருக்குப் போதிய அளவு நல்ல நிலம் எஞ்சியிருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தார். ஆயினும், என் வேலைக்காரன் வெட்டியெடுத்ததும் என்னுடையதே என்று அதே நூலில் எழுதினார். உழைத்தவன் ஒருவன், உடையவன் மற்றொருவன்! அடிமை வாணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் 1670-களில் அவர் பங்கு வாங்கியிருந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

நிலமெல்லாம் பங்கிடப்பட்ட பின் பிறந்தவன் என் செய்வான்? இக்கேள்விக்கு 1797-இல் தாமஸ் பெயின் விடை கூறினார். நிலத்தைத் திருத்தியவனுக்கு அத்திருத்தத்தின் பயன் உரியது. நிலமோ அனைவருக்கும் பொது. ஆகவே நிலமுடையோர் சமூகத்துக்கு வாடகைக் கடன்பட்டவர்கள். அந்நிதியிலிருந்து 21 வயது அடைந்த ஒவ்வொருவருக்கும் 15 பவுனும், 50 வயதுக்குப் பின் ஆண்டுதோறும் 10 பவுனும் தர வேண்டும். இது தருமமன்று, உரிமை என்றார்.

1974-இல் அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் நோசிக், உழைத்துப் பெற்ற ஊதியத்தின்மீது வரி விதிப்பது கட்டாய வேலை வாங்குவதற்கு ஒப்பாகும் என்று வாதித்தார். ஜி. ஏ. கோஹன் 1995-இல் வெளிவந்த நூலில் அவ்வாதத்தின் அடித்தளத்தை ஆராய்ந்தார். உலகம் தொடக்கத்தில் எவருக்கும் உரியதன்று என்று கொண்டால்தான் முந்தியவன் எடுத்துக்கொள்ளலாம். அனைவருக்கும் கூட்டாக உரியது என்று கொண்டாலோ, பிறரைக் கேளாமல் எவரும் எடுக்க இயலாது என்று காட்டினார்.

வழக்கின் முடிச்சு இங்கேதான் இருப்பதாக நான் கருதுகிறேன். என் கை எனது என்பதில் ஐயமில்லை. அக்கை உழுகின்ற மண்ணை நான் படைக்கவில்லை. தன் உடலன்றி வேறு உடைமையில்லாதவன், பிறர் விதிக்கும் கூலிக்கு அவ்வுடலின் உழைப்பை விற்றே உண்ண வேண்டும். அவனிடம் சென்று, 'நீ உனக்கே உரியவன்' என்று மட்டும் சொல்லி நாம் திரும்பிவிடலாகாது. ஓவர்ட்டன் அவனுக்கு அளித்த உரிமை, நிற்க ஓர் இடமும் உண்ண ஒரு வழியும் கிடைத்த பின்னரே முழுமை பெறும்.